ஓடாத பழைய செயின்சாவுக்கு உயிர் கொடுக்கும் பொழுதுபோக்கு: சைலன்சரில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

புயலில் மரம் சாய்ந்தால் தீயணைப்பு வீரர்கள் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து அறுக்கிறார்களே, அந்த மெஷின்தான் செயின்சா. நம்ம ஊரில் அது வேலைக்கான கருவி, அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவில், 1960, 70-களில் வந்த சின்ன செயின்சாக்களைத் தேடி வாங்கி, கழற்றி, மீண்டும் ஓட வைப்பது பலருக்கு லீவு நாள் பொழுதுபோக்கு. ஆர்எக்ஸ் 100-ஐத் தேடிப் பிடித்து ரெடி பண்ணும் அதே பைத்தியம்தான். இரண்டிலும் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின்.

1929-ல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் கொண்டுவந்த பெட்ரோல் செயின்சாவைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். 1949-ல் அமெரிக்காவின் மெக்கல்லக் நிறுவனம் சுமார் 11 கிலோவில் ஒன்றை விற்றது. அதன்பின் எடை இறங்கிக்கொண்டே போய், ஹோம்லைட் எக்ஸ்எல், மெக்கல்லக் மினி மேக் போன்ற வீட்டு உபயோக ரகங்கள் வந்தன. 1973 எண்ணெய் நெருக்கடியில் ஹீட்டிங் செலவு எகிற, அமெரிக்கர்கள் விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள். விற்பனை பறந்தது. அப்போது வாங்கியவைதான் இன்று பழைய கொட்டகைகளில் தூசி படிந்து கிடக்கின்றன.

ஏன் ஸ்டார்ட் ஆகல?

பெரும்பாலும் இன்ஜின் சாகவில்லை, ரப்பர்தான் செத்திருக்கும். செயின்சாவைத் தலைகீழாகப் பிடித்தும் அறுக்க வேண்டும் என்பதால், பைக் மாதிரி மிதவை வைத்த கார்புரேட்டர் இதற்கு ஆகாது. அதற்குப் பதில் டயாஃபிரம் என்ற மெல்லிய சவ்வு துடித்துத் துடித்து பெட்ரோலை இழுக்கும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது அப்பளம் மாதிரி விறைத்துவிடும். டேங்குக்குள் இருக்கும் டியூபும் கரைந்து கூழாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் சீக்கிரம் செய்யும். டயாஃபிரம் கிட், டியூப், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினாலே நிறைய மெஷின்கள் உறுமிவிடும். அப்படியும் பிளக்கில் தீப்பொறி வரவில்லை என்றால், ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும் பாயின்ட்டில் களிம்பு பிடித்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பல இன்ஜின்கள் போய்ச் சேர்கின்றன. செயின்சாவின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. கிராங்க் சீல் காய்ந்து, அதன் வழியாகக் காற்று உள்ளே கசிந்தால், கலவையில் காற்று கூடும், பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, இனிமையாகக்கூட ஓடும். சில நிமிஷத்தில் பிஸ்டன் சூடேறி, உரசி, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் இன்டேக், சைலன்சர் வழிகளை அடைத்து, உள்ளே லேசாகக் காற்றடித்து, அது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சலிப்பான வேலைதான், ஆனால் சிலிண்டரைக் காப்பாற்றுவது இதுதான்.

பவர் ஏற்றுவது எப்படி?

சைலன்சரில் கூடுதல் ஓட்டை போடுவதுதான் பிரபலமான மாற்றம். புகை சீக்கிரம் வெளியேறினால் புதுக் கலவை அதிகம் உள்ளே வரும், இழுவை கூடும். ஆனால் ஓட்டை போட்டுவிட்டு அப்படியே ஓட்டினால், மேலே சொன்ன அதே ஆபத்து. கார்புரேட்டரின் ஹை ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டியே ஆக வேண்டும். சரியாக இருக்கிறதா என்பதைக் காதுதான் சொல்லும். சும்மா முழு த்ராட்டிலில் லேசாகத் திக்கி ஓட வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தத் திக்கல் போய்விட வேண்டும்.

அடுத்த கட்டமாக, கம்ப்ரஷன் ஏற்ற சிலிண்டர் அடி கேஸ்கட்டை எடுத்துவிடுவார்கள். பிஸ்டன் தலையில் முட்டுமா என்பதை பிளக் ஓட்டை வழியாக மெல்லிய ஈயக் கம்பி விட்டு நசுக்கி அளப்பார்கள். அரை மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். போர்ட்டை அரத்தால் ராவிப் பெரிதாக்குவது இதற்கும் மேல். தப்பாக ராவினால் புது சிலிண்டர்தான். மினி மேக் போன்ற சிலவற்றுக்கு அது கிடைப்பதே குதிரைக்கொம்பு.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1997 மாடலில் இருந்து சின்ன இன்ஜின்களுக்கும் மத்திய அரசின் புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. சான்று பெற்ற இன்ஜினின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைப்பது குற்றம். அதற்கு முந்தைய மெஷின்கள் இந்தச் சான்றுக்கு வெளியே இருப்பவை. பழசுக்கு மவுசு கூட இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பிரேக் எங்கே?

செயின்சாவின் நுனியின் மேல்பகுதி கிளையில் பட்டால், மெஷின் மொத்தமாக முகத்தை நோக்கித் துள்ளும். இதற்குப் பெயர் கிக்பேக். கண்ணிமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. இன்றைய மெஷின்களில் முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பில் கை பட்டதும் செயின் நின்றுவிடும். ஸ்டில் நிறுவனமே இந்தச் செயின் பிரேக்கை 1972-ல்தான் கொண்டுவந்தது. அந்தக் காலத்துச் சின்ன மெஷின்கள் பலவற்றில் பிரேக்கும் இல்லை, கைத்தடுப்பும் இல்லை. அதிர்வைக் குறைக்கும் ரப்பர்களும் கிடையாது என்பதால், நீண்ட நேரம் ஓட்டினால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும்.

அப்படிப்பட்ட மெஷினில் பவரை ஏற்றினால் துள்ளும் வேகமும் ஏறும். இதைச் சைலன்சரைத் துளைப்பவர்களில் எல்லோரும் யோசிப்பதில்லை. குறைந்தபட்சம் கிக்பேக் குறைவான செயின், நீளம் குறைந்த பார், வேலை செய்யும் ஸ்டாப் சுவிட்ச், ஐடிலில் செயின் சுற்றாத அளவுக்கு நல்ல கிளட்ச் ஆகியவை இருக்க வேண்டும். முகத்தடுப்புள்ள ஹெல்மெட்டும், வெட்டைத் தாங்கும் பேன்டும் தனி.

பிரேக் இல்லாத மினி மேக்கை ரெடி பண்ணிய பலர், ஸ்டார்ட் செய்து, ஒரு சின்னக் கட்டையை அறுத்துப் பார்த்துவிட்டு, டேங்கைக் காலி செய்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். குளிர்காலத்துக்கான விறகை அறுக்க எடுப்பது பிரேக் உள்ள வேறொரு மெஷினை.