ருஷிய பாஷையும் நமது வாலிபரும்

சென்ற வாரம் மண்ணரையில் ஒரு நண்பர் நம்மிடம் முறையிட்டார். பனியன் கம்பெனியில் இரவு பகலாக உழைத்து மகனைப் பட்டதாரியாக்கியவர் அவர். அம்மகன், பல தேசத்து இலக்கியங்களை ஒப்பிட்டு ஆராயும் படிப்பையும், அத்துடன் ருஷிய பாஷையையும் சர்வகலாசாலையில் பயிலப் போகிறானாம். "டால்ஸ்டாய்தான் தமிழிலேயே கிடைக்கிறாருங்களே, இதற்கு ஒரு படிப்பா?" என்றார் நண்பர்.

கிடைக்கிறார், மெய்தான். ஆனால் எவ்வழியாக? பூ. சோமசுந்தரம் போன்ற சிலர் ருஷிய மூலத்திலிருந்தே மொழிபெயர்த்தனர் எனினும், நம்மவர் படித்த ருஷிய நவீனங்களில் பல ஆங்கிலத்தின் வழியாக வந்தவையே. ருஷியர் நம்மைப் போலவே 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இருவிதமாக அழைப்பவர்கள். நேற்றுவரை 'நீங்கள்' என்றவர் இன்று 'நீ' என்றால், அங்கே காதலோ அவமதிப்போ பிறந்துவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். ஆகவே, மூலத்திலும் தமிழிலும் உள்ள நுட்பத்தை நடுவழியில் இழந்து, பின்னர் ஊகத்தால் நிரப்ப வேண்டியவராகிறார் நமது மொழிபெயர்ப்பாளர். 'இவர் ஆசிரியர்' என்று வினைச்சொல்லின்றி நாம் முடிப்பது போலவே ருஷியரும் முடிப்பர். ஆங்கிலத்தில் அது இயலாது. இரு வீட்டாரும் நேரில் பேசக்கூடியதற்குத் தரகர் எதற்கு? ஆங்கிலத்தாலேயே பிழைப்பு நடத்தும் வக்கீலாகிய நாம் இதைச் சொல்வது வேடிக்கைதான்!

ஒப்பியல் ஆராய்ச்சி தமிழருக்குப் புதிதன்று. ஈழத்துக் கைலாசபதி, பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்ஸனிடம் பயின்று, சங்கச் செய்யுட்களைக் கிரேக்க வீரகாவியங்களுடன் ஒப்பிட்டு எழுதிய நூல் 1968-ல் வெளிவந்தது. ஒருவருக்கொருவர் தொடர்பற்ற ஜனங்களிடையேயும், சமூக நிலை ஒத்திருந்தால் பாட்டும் ஒத்திருக்கும் என்று வாதித்தவர் ருஷியப் பேராசிரியர் ஷிர்முன்ஸ்கி. இவ்வாதத்தைப் புறநானூற்றை வைத்துச் சோதிக்க ஒரு தமிழ் வாலிபனைவிடத் தகுந்தவர் யார்?

டால்ஸ்டாய் 1908-ல் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறளை எடுத்தாண்டார். அவர் தேசத்தவரான அலெக்ஸாண்டர் துபியான்ஸ்கி (1941–2020) தமிழ் கற்று, சங்க இலக்கியத்தை ஆராய்ந்து, மாஸ்கோ சர்வகலாசாலையில் நம் பாஷையைப் போதித்தார். அதற்கு ஈடாக நாம் அனுப்பியவர் எத்தனை பேர்?

படிக்க இடமில்லாமலில்லை. புத்ததேவ போஸ் 1956-ல் ஜாதவ்பூரில் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். தில்லியில் 1965-ல் தோன்றிய ருஷிய ஆராய்ச்சி நிலையம் பின்னர் ஜவஹர்லால் நேரு சர்வகலாசாலையுடன் இணைந்தது. உத்தியோகம் நிச்சயம் என்று நாம் ஆசை காட்டமாட்டோம். மொழிபெயர்ப்பும் ஆசிரியத் தொழிலுமே கண்ணுக்குத் தெரியும் வழிகள்.

நண்பரிடம் ஒரு நிபந்தனையுடன் சம்மதம் கேட்டோம்: பையன் பெட்டியில் புறநானூறும் இருக்க வேண்டும். அவர் சற்று மௌனமாயிருந்துவிட்டு, "எத்தனை வருஷமுங்க?" என்றார்.