ஜாவா பயில்வோர் வினாக்களும் விதிவிலக்கைக் கையாளும் முறையும்

பழந்தமிழ் நூல்களில் சாவகம் என்று வழங்கும் பெயர் ஜாவாத் தீவைக் குறிப்பதென அறிஞர் பலர் கொள்வர். அத்தீவில் விளைந்த காப்பி மேனாட்டில் அத்தீவின் பெயராலேயே அழைக்கப்பட்டது. அக்காப்பியின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்ட கணிப்பொறி மொழியே நம் மாணாக்கர் இன்று பயிலும் ஜாவா. அமெரிக்க நாட்டிலே ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் என்னும் கம்பெனியில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியில் இம்மொழி தோன்றிற்று. முதலில் ‘ஓக்’ என்னும் மரத்தின் பெயர் பூண்டிருந்து, 1995-ஆம் ஆண்டில் இப்போதுள்ள பெயருடன் வெளிவந்தது. 2010-ஆம் ஆண்டில் அக்கம்பெனியும் அதனோடு இம்மொழியும் ஆரக்கிள் கம்பெனியின் வசமாயின.

இம்மொழியைப் பயிலப் புகும் மாணாக்கர் தாம் எழுதிய நிரலை முதன்முதல் இயக்குங்கால், விடையை எதிர்நோக்கியிருக்க, விளங்காத எழுத்துக்கள் பத்து இருபது வரிகளாகத் திரையில் விழக் கண்டு திகைப்பர். ‘இவ்வெழுத்துக்களை நீக்குவது எப்படி?’ என்பதே அவர்கள் முதற்கண் எழுப்பும் வினா. ‘இவ்வெழுத்துக்கள் யாது கூறுகின்றன?’ என்று அவர்கள் வினவுவராயின் பாதித் துன்பம் அப்போதே நீங்கும். ஆதலின், தொடக்கநிலை மாணாக்கர்க்கு இயல்பாய் எழும் வினாக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றிற்கு இயன்ற அளவு எளிதில் விடை கூற முயல்வாம்.

முதலாவது, பிழைகள் எத்தனை வகைப்படும் என்பது. அவை மூவகைப்படும். எழுத்திலும் இலக்கணத்திலும் நேரும் பிழையைக் கம்பைலர் என்னும் கருவி நிரல் ஓடுவதற்கு முன்னரே சுட்டிவிடும். இலக்கணம் செவ்வனே அமைந்தும், ஓடுங்கால் இயலாத செயலொன்று குறுக்கிடுமாயின் நிரல் இடைநின்று அறிக்கை தரும். இதுவே ‘எக்ஸெப்ஷன்’, தமிழில் விதிவிலக்கு என்பர். மூன்றாவது வகை, நிரல் தடையின்றி ஓடி முடிந்து, தவறான விடையை அமைதியாகத் தருவது. இம்மூன்றனுள் மாணாக்கர் பெரிதும் அஞ்சுவது இரண்டாவதை. உண்மையில் அஞ்சத்தக்கது மூன்றாவதேயாம்.

மௌனமாய் நேரும் பிழைக்கு உதாரணங்கள் காண்போம். முழு எண்ணாகிய 5-ஐ முழு எண்ணாகிய 2-ஆல் வகுத்தால் ஜாவா தரும் விடை 2; பின்னம் ஓசையின்றி ஒழியும். ‘இன்ட்’ என்னும் எண்வகையின் பேரெல்லை 2147483647. அதனோடு ஒன்றைக் கூட்டினால் மறுப்பேதும் இன்றி -2147483648 என்னும் விடை வரும். விசைப்பலகையினின்று பெற்ற ஒரு பெயரை நிரலில் எழுதியுள்ள அதே பெயரோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ‘பொய்’ என்று வரும். அக்குறி இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்ப்பதேயன்றி, எழுத்துக்கள் ஒத்துள்ளனவா என்று பார்ப்பதன்று. அதற்கு ‘ஈக்வல்ஸ்’ என்பதைப் பயன்படுத்தல் வேண்டும். இவற்றுள் எதனிலும் விதிவிலக்கு எழுவதில்லை. ஆகவே பிழை நேர்ந்ததென்றே அறியமாட்டோம். முழு எண்ணைச் சுழியால் வகுத்தாலோ, ஜாவா உடனே ‘அரித்மெடிக் எக்ஸெப்ஷன்’ என்று கூவி நிற்கின்றது. முகத்துக்கு நேரே குறை கூறும் இவனே நல்ல நண்பன்.

இரண்டாவது, அவ்வறிக்கையை வாசிப்பது எங்ஙனம் என்பது. அதன் தலைவரியில் விதிவிலக்கின் பெயரும், பெரும்பாலும் அதன் காரணமும் காணப்படும். அதன்கீழ் ‘அட்’ என்னும் சொல்லோடு தொடங்கும் வரிகள் ஒவ்வொன்றும், எந்தச் செயல்முறையில், எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில் நிரல் இருந்தது என்பதைக் கூறும். பிழை எழுந்த இடம் மேலே நிற்கும்; அதனை அழைத்தவை முறையே கீழ்நோக்கிச் செல்லும். மேலிருந்து வாசித்து, தாம் எழுதிய கோப்பின் பெயர் முதன்முதல் வரும் வரியைக் கண்டு, அவ்விடத்திலே ஆராய்ச்சியைத் தொடங்குக. ‘காஸ்டு பை’ என்னும் பகுதி கீழே இருப்பின், மூலகாரணம் அங்கே உள்ளது. அத்தகைய பகுதிகள் பல இருப்பின் இறுதியில் நிற்பதே அடிவேர்.

மூன்றாவது, அடிக்கடி எதிர்ப்படும் விதிவிலக்குகள் யாவை என்பது. ஐந்து மதிப்பெண் அடங்கிய அணியில் இடங்கள் 0 முதல் 4 வரையே எண்ணப்படும். 5 என்னும் இடத்தைக் கேட்பின் ‘அர்ரே இண்டெக்ஸ் அவுட் ஆஃப் பௌண்ட்ஸ்’ என்னும் விதிவிலக்கு எழும். சி மொழியில் இத்தகைய காவல் இல்லை. அணிக்கு அப்பாலுள்ள நினைவகத்தைப் படித்துத் தொடர்பற்றதோர் எண்ணைத் தந்தாலும் தரும். அடுத்தது ‘நல் பாயிண்டர்’ விதிவிலக்கு. எப்பொருளையும் சுட்டாத வெற்றுப் பெயரிடம் வேலை வாங்க முயல்வதே இதன் காரணம். 1965-ஆம் ஆண்டில் அல்கால் டபிள்யூ என்னும் மொழிக்காக இவ்வெற்றுச் சுட்டை முதலில் வகுத்தவர் டோனி ஹோர் என்னும் ஆங்கில அறிஞர். அதனைத் தம் நூறு கோடி டாலர்த் தவறு என்று அவரே 2009-ஆம் ஆண்டில் கூறினார். 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த 14-ஆம் பதிப்பு முதல், எந்தப் பெயர் வெறுமையாய் இருந்தது என்பதையும் ஜாவா எடுத்துரைக்க வல்லதாயிற்று. மூன்றாவது, எண்ணல்லாத எழுத்தை எண்ணாக மாற்ற முற்படுங்கால் எழும் ‘நம்பர் ஃபார்மட்’ விதிவிலக்கு. தமிழ் எண் குறிகளாகிய ௮௫ என்பதையும் ஜாவா 85 என்றே ஏற்றுக்கொள்ளும் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும் 85-ஐ அடுத்து வெற்றிடம் ஒன்று இருக்குமாயின், அதனை எண் அன்றென்று மறுத்துவிடும்.

நான்காவது, விதிவிலக்கைப் பிடிப்பது எப்படி என்பது. இடர் நேரக்கூடிய செயல்களை ‘டிரை’ என்னும் பகுதியிலும், நேர்ந்தால் செய்யவேண்டியவற்றைக் ‘கேட்ச்’ என்னும் பகுதியிலும் எழுதுக. ‘கேட்ச்’ பல இருப்பின் குறுகியது முன்னும் விரிந்தது பின்னும் நிற்றல் வேண்டும். முறை மாறினால் கம்பைலர் ஏற்காது. நேர்ந்தாலும் நேராவிடினும் செய்தே தீரவேண்டியவை ‘ஃபைனலி’ என்னும் பகுதிக்கு உரியன. அப்பகுதியில் ‘ரிட்டர்ன்’ என்று எழுதலாகாது. எழுதின், வந்த விதிவிலக்கு அங்கேயே மறைந்தொழியும். திறந்த கோப்புக்களை மூடும் பொறுப்பை 2011-ஆம் ஆண்டில் வந்த 7-ஆம் பதிப்பு முதல் ‘டிரை’ என்பதனிடமே ஒப்படைக்கலாம்.

இங்கே ஒரு பெருந்தீங்கைக் குறித்து எச்சரித்தல் அவசியம். அறிக்கையின் தொல்லை தாளாத மாணாக்கர் சிலர், ‘கேட்ச்’ பகுதியை வெறுமையாக விட்டுவிடுவர். எழுத்துக்கள் மறையும், நிரலும் ஓடும். ஒரு தேர்வின் மதிப்பெண்களைக் கோப்பினின்று படித்துத் தேர்ச்சி கணிக்கும் நிரலை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவனுடைய 85 என்னும் எண்ணை அடுத்து, தட்டெழுதியவர் கையால் ஒரு வெற்றிடம் விழுந்துவிட்டது. விதிவிலக்கு எழுகின்றது, வெறுமையான பகுதி அதனை விழுங்குகின்றது. மதிப்பெண் என்னும் மாறியில் தொடக்கத்தில் இட்ட சுழியே எஞ்சுகின்றது. எண்பத்தைந்து பெற்றவன் தவறியவனாகின்றான். ஆசிரியரும் அறியார், நிரலை எழுதியவனும் அறியான். உரத்துக் கூறிய இரண்டாம் வகைப் பிழையை மௌனமான மூன்றாம் வகையாக மாற்றியதே அவ்வெற்றுப் பகுதி செய்த வேலை. செய்யத்தக்கது யாதெனின், அம்மாணவனது தேர்வெண்ணையும் படிக்கவியலாத பதிவையும் குறித்து வைத்து, அது திருத்தப்பெறும் வரையில் முடிவை வெளியிடாது நிறுத்துவதேயாம்.

ஐந்தாவது, சில விதிவிலக்குகளைக் கவனித்தே தீரவேண்டும் என்று கம்பைலர் வற்புறுத்துவானேன் என்பது. கோப்பு காணப்படாமை போன்றவை, நிரல் எழுதுவோன் எத்துணைக் கருத்தாய் இருப்பினும் நேரக்கூடியவை. ஆகவே அவற்றைப் பிடித்தல் வேண்டும். அன்றேல் ‘த்ரோஸ்’ என்னும் சொல்லால் ‘இஃது என்னிடம் எழக்கூடும்’ என்று வெளிப்படையாய் அறிவித்தல் வேண்டும். ‘த்ரோ’ என்பது விதிவிலக்கை எழுப்புவது. ‘த்ரோஸ்’ என்பது அதனை முன்னறிவிப்பது. அணியின் எல்லை மீறுதல் முதலியன எழுதுவோனது கவனக்குறைவால் வருவன. அவற்றைப் பிடிப்பதினும் நிரலைத் திருத்துவதே முறை. நினைவகம் தீர்ந்துபோதல் போன்றவை ‘எர்ரர்’ எனத் தனி இனமாகும். அவற்றைப் பொதுவாகப் பிடிக்க முயல்வதில்லை.

ஆறாவது வினா எல்லாவற்றினும் அரியது: எவ்விடத்தில் பிடிப்பது? பரிகாரம் செய்ய அறிந்த இடத்திலே பிடிக்க. அறியாத இடத்தில் மேலே செல்லவிடுக. இதன் உண்மையை விளக்குவது ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய ராக்கெட்டின் கதை. 1996-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி, தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூ என்னுமிடத்திலிருந்து அது முதன்முறையாகக் கிளம்பிற்று. ஏறத்தாழ 40 வினாடிக்குள் வழி தவறிச் சிதறிப் போயிற்று. அதனுடன், பூமியின் காந்த மண்டலத்தை ஆராய்தற்கென்று அமைத்த நான்கு துணைக்கோள்களும் அழிந்தன.

ழாக்-லூயி லியோன்ஸ் என்னும் கணித அறிஞரைத் தலைவராகக் கொண்ட குழு காரணத்தை ஆராய்ந்தது. திசையறி கருவியின் நிரல் ஜாவாவில் அன்று, ஏடா என்னும் மொழியில் எழுதப்பட்டது; முந்திய ஏரியன் 4-க்கென அமைந்தது. அது 64 பிட் அளவுள்ள எண்ணொன்றை 16 பிட் எண்ணாக மாற்ற முயன்றது. புதிய ராக்கெட்டின் வேகம் மிகுதியாதலின் அவ்வெண் 32767 என்னும் எல்லையைக் கடந்தது; விதிவிலக்கு எழுந்தது. அதனைத் தக்கவாறு கையாள்வார் அங்கு இல்லை. கருவி வேலையை நிறுத்திற்று. துணைக்கென வைத்த மற்றொரு கருவியிலும் அதே நிரல் இருந்தமையின் அதுவும் அவ்வாறே நின்றது. நின்ற கருவி அனுப்பிய பிழைக்குறிப்பைத் தலைமைக் கணிப்பொறி பயணச் செய்தியென்றே எண்ணி, அதற்கேற்ப ராக்கெட்டைத் திருப்பிற்று. அறிக்கை எழுந்தும், அதனை அறிக்கையென்று உணர்வாரிடம் அது சென்று சேரவில்லை. அக்கணக்கோ, ராக்கெட் கிளம்பிய பின்னர் எதற்கும் வேண்டப்படாதது!

ஜாவாவில் அதே மாற்றத்தை ‘ஷார்ட்’ என்னும் வகைக்குச் செய்யின் விதிவிலக்கும் எழாது; 40000 என்பது வாளா -25536 ஆகிவிடும். ஆதலின் மாற்றுவதற்கு முன் எல்லையைச் சோதித்துக்கொள்ளும் கடமை நம்முடையது.

ஆகவே மாணாக்கர்காள், திரையில் அறிக்கை தோன்றும்போது மனந்தளர வேண்டா. அதன் தலைவரியைப் பொறுமையுடன் வாசியுங்கள். அது சுட்டும் வரியைக் காணுங்கள். காரணம் அறிந்த பின்னரே கை வையுங்கள். பரிகாரம் உண்டாயின் செய்யுங்கள். இன்றேல் அறியவேண்டியவர்க்கு அறிவியுங்கள். எந்நிலையிலும் அதனை வாய் பொத்தி அடக்கிவிடாதீர்கள். நீங்கள் எழுதும் நிரலின் விடையை நம்பி ஒருவன் தன் தேர்ச்சியையோ, ஊதியத்தையோ, சில வேளைகளில் உயிரையோ ஒப்படைத்திருப்பான் என்பதை மறவாதிருத்தல் நன்று.