‘ஏலேலோ’ன்னா என்ன அர்த்தம்?

கடற்கரைக்குப் போனால் நம் வீட்டுக் குட்டிப் பையன்கூட ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தபடி ‘ஏலேலோ ஐலசா’ என்பான். சினிமா கற்றுக்கொடுத்த பழக்கம். “அப்படின்னா என்ன அர்த்தம்ப்பா?” என்று அவன் கேட்டுவிட்டால்தான் சிக்கல்!

தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் என நீளும் முத்துக்குளித்துறைக் கரையில் இந்தப் பாட்டுக்கு ‘அம்பா’ என்று பெயர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். கரைவலை இழுக்க, தோணி தள்ள எல்லாவற்றுக்கும் அம்பாதான். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மீனவர்களும் இதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பெயரிலேயே வழக்கு தொடங்குகிறது. படகைக் குறிக்கும் ‘அம்பி’ என்ற சங்க காலச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. தாயைக் கூப்பிடுவது என்பது இன்னொரு கட்சி.

‘ஏலேலோ’வுக்கோ ஒரு கதையே உண்டு. திருவள்ளுவரின் நண்பராகச் சொல்லப்படும் வணிகர் ஏலேலசிங்கன். அவருடைய கப்பல் தரைதட்டி நின்றபோது வள்ளுவர் வந்து கைவைக்க, அவர் பெயரைச் சொல்லி எல்லோரும் இழுத்தார்களாம், கப்பல் நகர்ந்ததாம். அழகான கதை. ஆனால், சரித்திரச் சான்று கிடையாது.

‘அது வெறும் மூச்சு’ என்பவர்களும் உண்டு. ‘ஏலேலோ’ என்று நீட்டும்போது பிடியைச் சரிசெய்யலாம். ‘சா’ விழும்போது இழுக்க வேண்டும். இருபது பேரின் பலம் ஒரே நொடியில் சேராவிட்டால் வலை அசையாது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. கறுப்பின மக்கள் வயலிலும் ரயில் பாதையிலும் பாடிய வேலைப் பாட்டுகளின் வழியில் வந்தது ப்ளூஸ் இசை. ராபர்ட் ஜான்சன் 1936-ல் பதிவு செய்த ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ பாட்டை, பிசாசிடம் ஆன்மாவை விற்றவனின் கதை என்று ரசிகர்கள் இன்றும் அடித்துச் சொல்கிறார்கள். பாட்டுக்குள் தேடினால் பிசாசே இல்லை! நாற்சந்தியில் மண்டியிட்டுக் கடவுளிடம் கெஞ்சுகிறான் ஒருவன். எந்த வண்டியும் அவனுக்காக நிற்கவில்லை, பொழுது சாய்கிறது. அந்தக் காலத்தில் கறுப்பின மனிதர் இருட்டில் தனியாக நிற்பதே ஆபத்து. அந்தப் பயம் புரியாதவர்களுக்குப் பிசாசு தேவைப்பட்டது.

நம் கரையிலும் பயம் உண்டு. முத்துக்குளிப்பவர்களைச் சுறா தீண்டாமலிருக்க மந்திரம் சொன்னவர்களுக்கு, முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி தரப்பட்டதாக 13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மந்திரத்தின் பொருளை யார் கேட்டார்கள்? அது காதில் விழுந்தால்தான் கடலில் இறங்கத் தைரியம் வரும்.

இந்தக் கடலில் பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. படகுகளுக்கு இன்ஜின் வந்தது. கூடி இழுக்கும் வேலை குறைய, அம்பாவும் குறைந்தது. அடுத்த முறை தூத்துக்குடிப் பக்கம் போனால், கரையில் வலை பின்னும் பெரியவரிடம் பொருள் கேட்காதீர்கள். “ஒருதடவை பாடுங்க தாத்தா” என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்து வையுங்கள். அர்த்தத்துக்கு அப்புறம் சண்டை போடலாம். முதலில் பாட்டு இருக்கட்டும்!