புகைக்கு வைத்த காவல்

காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்கு அருகில், உரிமையாளர்களில் பலர் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்திராத ஒரு பிளக் இருக்கிறது. வரிசைக்கு எட்டாக 16 முனைகள் கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அதனை மெக்கானிக்குகள் ஓபிடி போர்ட் என்பார்கள். செக் இன்ஜின் விளக்கு எரியும் வண்டி பட்டறைக்கு வந்ததும் ஸ்கேனரைச் செருகுவது இதில்தான். வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து குறித்து வைக்கும் ஏற்பாட்டுக்கே ஓபிடி என்று பெயர். இது மனிதரை நோட்டமிடும் எண்ணம் சிறிதும் இல்லாமல், பொதுநலன் கருதியே பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்தோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டிய கலிபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியம், தொழிற்சாலையை விட்டு வரும் நாளில் கார் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, ஓடித் தேய்ந்த பிறகும் அதன் புகை வரம்புக்குள் நிற்கிறதா என்பதை அந்தக் காரே கவனித்துச் சொல்ல வேண்டும் என்று கருதி, 1988 மாடல் கார்களிலிருந்து அதற்கான எளிய ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. நிறுவனத்துக்கொரு பிளக், நிறுவனத்துக்கொரு குறியீடு என்றிருந்த குழப்பம் பின்னர் நீங்கி, 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்பனையான எல்லாக் கார்களிலும் ஒரே வடிவப் போர்ட்டும் பொதுவான குறியீடுகளும் வந்தன, இதுவே ஓபிடி-2. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலும், இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின் காலத்திலும் இத்தகைய ஏற்பாடு வந்தது.

அது வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சைலன்சருக்குப் போகும் வழியில் நச்சுப் புகையை மாற்றிவிடும் வினையூக்கி மாற்றிக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் ஒவ்வொன்று உண்டு. முன்னால் இருப்பதன் அளவு ஓயாமல் ஏறி இறங்கும். மாற்றி நல்ல நிலையில் இருந்தால் பின்னால் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் மாற்றி செத்துவிட்டது என்று கணினி முடிவுகட்டி, பி0420 என்ற குறியீட்டைப் பதிந்து விளக்கை எரியவிடுகிறது. அத்தோடு நில்லாமல், கோளாறு தெரிந்த அந்த நொடியில் வண்டியின் வேகம், இன்ஜினின் சுழற்சி, அதன் சூடு முதலியவற்றையும், ஒரு புகைப்படம் எடுத்து வைப்பதுபோல, சேர்த்து வைத்துக்கொள்கிறது. மெக்கானிக்குக்கு இது பெரிய உதவி. ஆனால் இயந்திரத்தின் நோயைச் சொல்ல வேண்டுமானால் அதை ஓட்டியவர் அப்போது எப்படி ஓட்டினார் என்பதையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பின்னால் எழுந்த சிக்கல் முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

போர்ட்டின் 16ஆம் முனைக்கு, சாவியை எடுத்துவிட்ட பிறகும், பேட்டரியின் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். ஸ்கேனருக்காகச் செய்த இந்த வசதியினால், கட்டைவிரல் பருமனுள்ள கருவி ஒன்றை மாதக்கணக்கில் அங்கேயே செருகி வைக்க முடிந்தது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான புரோகிரசிவ் தன் ஸ்னாப்ஷாட் திட்டத்தில் இத்தகைய கருவியைக் கொடுத்து, சடன் பிரேக்கையும் நள்ளிரவுப் பயணத்தையும் கணக்கிட்டு, நிதானமாக ஓட்டுவோருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி அளித்தது. இருப்பிடத்தைப் பதியாமல் வேகத்தை மட்டும் பதிந்தால் அந்தரங்கத்துக்குக் கேடில்லை என்ற வாதம் அப்போது ஏற்கத்தக்கதாகவே தோன்றியது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அதை உடைத்தார்கள். திருப்பத்தில் வண்டி மெதுவாகும், சிக்னலில் நிற்கும், நெடுஞ்சாலையில் விரையும். ஆகவே புறப்பட்ட இடமும் நொடிக்கு நொடி வேகமும் தெரிந்தால், சாலை வரைபடத்தோடு பொருத்திப் போய்ச்சேர்ந்த இடத்தைச் சில பயணங்களில் நெருங்கி ஊகிக்கலாம் என்று காட்டினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்று, 15 பேர் ஓட்டிய ஒரே காரில் எந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்பதைச் சென்சார்களின் பதிவைக் கொண்டே பிழையின்றிப் பிரித்துக் காட்டியது. போதுமான பதிவு இருந்தால் பிரேக்கை மிதிக்கும் பாங்கு ஒன்றே ஏறத்தாழப் போதுமானதாக இருந்தது.

இப்போது கருவியைச் செருக வேண்டிய தேவையும் போய்விட்டது. காரிலேயே சிம் இணைப்பு வந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் கார்களில் இருந்த ஸ்மார்ட் டிரைவர் என்ற வசதியின் வழியாக ஓட்டும் விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற தரவு நிறுவனங்களுக்கும், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களுக்கும் போனதை நியூயார்க் டைம்ஸ் 2024 மார்ச்சில் வெளிக்கொணர்ந்தது. பிரீமியம் 21 சதவீதம் ஏறியதன் காரணத்தைத் தேடிய ஒரு கார் உரிமையாளர் தம்மைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கியபோது 258 பக்கங்கள் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல், ஆறு மாதங்களில் அவரும் அவர் மனைவியும் சென்ற 640 பயணங்களின் தொடக்க நேரம், முடிவு நேரம், தூரம், வேகமீறல், சடன் பிரேக் என்று வரிவரியாக நிரம்பியிருந்தன. சென்ற இடம் மட்டும் அதில் இல்லை. ரட்கர்ஸ் ஆய்வை அறிந்தவருக்கு அது பெரிய ஆறுதலாக இருக்க முடியாது. செய்தி வந்த அதே மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பகிர்வை நிறுத்தியது. சில கார்களின் இருப்பிடம் மூன்று நொடிக்கொருமுறைகூடத் திரட்டப்பட்டது என்று குற்றஞ்சாட்டிய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், ஐந்தாண்டுகளுக்கு இத்தகைய விவரங்களை நுகர்வோர் தகவல் நிறுவனங்களுக்குத் தரக்கூடாது என்ற ஆணையை 2025 ஜனவரியில் முன்வைத்தது.

சட்டம் இதற்கு முன்பே ஓட்டுநரின் பக்கம் நின்றதுண்டு. விபத்தின்போது மட்டும் பதியும் கருவியில் இருப்பவை அனைத்தும் உரிமையாளரின் சொத்து என்று 2015 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் தெளிவாக எழுதி வைத்தது. ஆனால் அச்சட்டம் அந்தக் கருவியின் பெயரைச் சொல்லியே காப்பு அளித்தது, விவரத்தின் தன்மையைச் சொல்லி அன்று; ஆகையால், அன்றைய விதிப்படி மோதலுக்கு முந்தைய 5 நொடிகளின் வேகமும் பிரேக்கும் உரிமையாளரின் சொத்தாயின, அதே வேகமும் அதே பிரேக்கும் அடங்கிய 640 பயணங்களோ அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன.