விடைக்குப் பின்னால் ஒரு வினா

நான் தரம் ஆறில் படித்தபோது பாடசாலையில் இல்லங்களுக்கிடையிலான பொது அறிவு வினாடி வினாப் போட்டி நடந்தது. இறுதிச் சுற்றில் இரண்டு இல்லங்கள் சம புள்ளிகளோடு நின்றன. ஒரு கேள்விதான் மிச்சம். "சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள்..." என்று ஆசிரியை வாசிக்கத் தொடங்கியதுமே மணியை அடித்துவிட்டேன். "ஒன்பது" என்றேன். "பிழை" என்றார் ஆசிரியை. மற்ற இல்லத்துப் பிள்ளைகள் "எட்டு" என்றார்கள். கிண்ணம் அவர்களுக்குப் போனது. என் பக்கத்தில் இருந்த தோழி அழுதுவிட்டாள். அவள் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் படிக்காமல் போகவில்லை. பெரியும்மாவின் மகள் ராத்தா தந்த பொது அறிவுப் புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனனம் செய்திருந்தேன். அதன் அட்டை கிழிந்து போயிருந்தது. எந்த ஆண்டில் அச்சிட்டது என்று காட்டும் பக்கமும் இல்லை. அதில் ஒன்பது என்றே இருந்தது.

அன்றிரவு வாப்பாவிடம் முறையிட்டேன். "நாங்களும் ஒன்பது என்டுதான் படிச்ச, மகள். அப்ப அதுதான் சரி" என்றார் வாப்பா. அப்போது சரியாக இருந்தது இப்போது எப்படிப் பிழையாகும்? மாற்றியது யார்? ஏன் மாற்றினார்கள்? தோற்ற கவலையை விட இந்தக் கேள்விகள்தான் என்னை அதிக நாட்கள் தொடர்ந்தன. அவற்றைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றை, வழமையான வினா விடை வடிவிலேயே இங்கு தருகிறேன்.

வினா 1: சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள் உள்ளன?

விடை: எட்டு.

1930ஆம் ஆண்டில் அமெரிக்கரான கிளைட் டொம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அது ஒன்பதாவது கோளாக எண்ணப்பட்டது. 2005ஆம் ஆண்டில் புளூட்டோவை ஒத்த பருமனுள்ள ஏரிஸ் என்ற பொருள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளியானது. புளூட்டோ கோள் என்றால் ஏரிஸும் கோள்தானே? எனவே 2006ஆம் ஆண்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் 'கோள்' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் வகுத்தது. அது சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பினால் கோள வடிவம் பெற்றிருக்க வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தில் வேறு பொருட்கள் இல்லாதவாறு துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையில் புளூட்டோ தவறியது. அது இப்போது குறுங்கோள். வானத்தில் புளூட்டோ அப்படியேதான் இருக்கிறது. மாறியது நாம் அதற்கு வைத்த வகை மட்டும். நான் பிறப்பதற்கு முன்பே மாறிவிட்ட விடையைத்தான் நான் மேடையில் சொல்லியிருக்கிறேன்!

வினா 2: உலகின் மிக உயரமான மலை எது?

விடை: எவரெஸ்ட்.

கடல் மட்டத்திலிருந்து அளந்தால் இது சரி. நேபாளமும் சீனாவும் 2020ஆம் ஆண்டில் சேர்ந்து அறிவித்த உயரம் 8848.86 மீற்றர். ஆனால் பூமி சரியான உருண்டை அல்ல. மத்திய கோட்டுப் பகுதியில் அது சற்றுப் புடைத்திருக்கிறது. ஆகவே பூமியின் மையத்திலிருந்து அளந்தால் முதலிடம் மத்திய கோட்டுக்கு அருகே ஈக்குவடோர் நாட்டில் உள்ள சிம்போராசோவுக்குப் போகிறது. அதன் உச்சி எவரெஸ்ட்டின் உச்சியை விட 2 கிலோமீற்றருக்கு மேல் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. கடலடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தாலோ ஹவாய்த் தீவின் மௌனா கியா எவரெஸ்ட்டை மிஞ்சிவிடும். மூன்று விடைகளுமே சரி. எங்கிருந்து அளந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வினா 3: நீரின் கொதிநிலை என்ன?

விடை: 100 பாகை செல்சியஸ்.

கடல் மட்டத்து வளிமண்டல அமுக்கத்தில் இது சரி. உயரம் கூடக் கூட வளியின் அமுக்கம் குறையும். மேலிருந்து அழுத்தும் அமுக்கம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகையளவிலேயே கொதிக்கிறது. கொதிக்கும் நீரின் சூடு குறைவதால் பருப்பு வேக அங்கே கூடுதல் நேரம் எடுக்கும். குக்கரில் பருப்பு விரைவாக வேகுவது இதற்கு நேர்மாறான காரணத்தால். மூடிய பாத்திரத்தில் அமுக்கம் கூடுகிறது, கொதிநிலையும் கூடுகிறது. உம்மாவின் சமையலறையில் பௌதிகவியல் பாடம் நாள்தோறும் நடக்கிறது!

வினா 4: உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?

விடை: சஹாரா என்று மணியடிக்காதீர்கள்!

பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமும் வெயிலும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் புவியியலில் பாலைவனத்தைத் தீர்மானிப்பது வெப்பமோ மணலோ அல்ல, அங்கே விழும் நீரின் அளவே. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவாக மழையோ பனியோ பெறும் பிரதேசங்கள் பொதுவாகப் பாலைவனம் எனப்படுகின்றன. அந்தக் கணக்கில், பனியால் மூடப்பட்ட அந்தாட்டிக்காதான் மிகப் பெரிய பாலைவனம். அதன் பரப்பு ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் சதுர கிலோமீற்றர். சஹாரா ஏறத்தாழ 90 இலட்சம். 'வெப்பப் பாலைவனம்' என்று கேட்டால் மட்டுமே சஹாராவுக்கு முதலிடம். கேள்வியில் உள்ள ஒரு சொல் விடையையே மாற்றிவிடுகிறது.

வினா 5: இலங்கையின் தலைநகர் எது? மாவட்டங்கள் எத்தனை?

விடை: ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. 25 மாவட்டங்கள்.

இன்றும் பலர் கொழும்பு என்றுதான் சொல்கிறார்கள். வணிகத்தின் தலைமையிடம் கொழும்பு என்பது உண்மை. ஆனால் 1982ஆம் ஆண்டில் புதிய பாராளுமன்றக் கட்டடம் கோட்டையில் திறக்கப்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தின் தலைநகராக விளங்கிய இடம் அது. மாவட்டங்களும் அப்படித்தான். 24 ஆக இருந்தவை, 1984ஆம் ஆண்டில் கிளிநொச்சி தனி மாவட்டமானதும் 25 ஆயின. உங்கள் வீட்டில் மூத்தவர்கள் "24" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். அவர்கள் படித்த காலத்தில் அதுவே சரியான விடை.

வினா 6: முதலாவது தமிழ் நாவல் எது?

விடை: பிரதாப முதலியார் சரித்திரம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய இந்நூல் 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் 'இலங்கையின்' என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால் விடை நம் சமூகத்தின் பக்கம் வருகிறது. 1885ஆம் ஆண்டில் வெளிவந்த 'அசன்பேயுடைய கதை'யே இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கூறப்படுகிறது. அதை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்திலெவ்வை. 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அக்காலத்திலேயே உழைத்தவர். இந்தச் சஞ்சிகையில் நான் எழுதுவதற்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது.

வினா 7: சந்திரனிலிருந்து வெறுங்கண்ணால் பார்த்தால் தெரியும் மனிதக் கட்டடம் எது?

விடை: எதுவும் இல்லை.

என் பழைய புத்தகம் 'சீனப் பெருஞ்சுவர்' என்று சொன்னது. சுவர் மிக நீளமானதுதான், ஆனால் அதன் அகலம் சில மீற்றர்களே. சந்திரனோ சராசரியாக 384,400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அந்தச் சுவரைப் பார்ப்பது, ஒரு தலைமுடியை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். 2003ஆம் ஆண்டில் பூமியைச் சுற்றி வந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்றே சொன்னார். அவர் இருந்தது சந்திரனை விட எவ்வளவோ அருகில்! இதில் வியப்பு என்னவென்றால், 1969இல் மனிதன் சந்திரனில் கால் வைப்பதற்கு முன்பே இந்தக் கூற்று எழுதப்பட்டுவிட்டது. அப்படியானால் பார்த்தவர் யார்?

இந்த இடத்தில் எனக்கு இஸ்லாம் பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. ஹதீஸ்களைத் தொகுத்த இமாம் புஹாரி போன்ற அறிஞர்கள் ஒரு செய்தி அழகாக இருக்கிறது என்பதற்காக அதை ஏற்றுக்கொள்ளவில்லை. இதை உங்களுக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தவர்களா, நம்பகமானவர்களா என்று அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். அதற்கு இஸ்னாத் என்று பெயர். கையிலிருக்கும் தொலைபேசியில் வருவதையெல்லாம் அடுத்த நிமிடமே பத்துப் பேருக்கு அனுப்பிவிடும் நாம், அந்த அறிஞர்களின் வழியில் வந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அன்பின் தங்கைகளே, மனனம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைக்கும் போட்டிக்கும் அது தேவை. ஆனால் பொது அறிவுக் கொப்பியில் ஒரு விடையை எழுதும்போது அதன் கீழே மூன்று சிறு கேள்விகளுக்கு இடம் விடுங்கள். எப்போதிலிருந்து? எதை வைத்து? யார் சொன்னது? மூன்றுக்கும் விடை தேடி எழுதிய ஒன்று மறந்துபோகாது. மறந்தாலும் காரணத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப அதனிடம் போகலாம்.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது "அதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்று சொல்லிவிடாதீர்கள். "தெரியாது, வாங்க தேடிப் பார்ப்போம்" என்றால் போதும். அன்றிரவு வாப்பா எனக்குச் செய்தது அதைத்தான். நாங்கள் இருவரும் புளூட்டோவைத் தேடிக்கொண்டிருந்ததில் இராச் சாப்பாடு ஆறிப்போய் உம்மாவிடம் ஏச்சும் வாங்கினோம்.

இவ்வாண்டு கனிஷ்ட பிரிவு மாணவிகளின் வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயாரிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. "உலகின் மிக உயரமான மலை எது?" என்று முதலில் எழுதினேன். பிறகு அதை அழித்து, "கடல் மட்டத்திலிருந்து அளந்தால் உலகின் மிக உயரமான மலை எது?" என்று எழுதினேன். அவசரமாக மணியடிக்கும் ஒரு பிள்ளை என் பிழையான கேள்வியால் தோற்றுவிடக் கூடாதல்லவா?

ராத்தா தந்த புத்தகத்தை நான் வீசவில்லை. அதில் 'ஒன்பது' என்ற விடைக்குப் பக்கத்தில் '2006 வரை' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் தங்கை அதைப் படிப்பாள்.