செய்தித்தாளில் நாற்றுக்கிண்ணம்

சுரை, பூசணி, பாகல் ஆகியவற்றின் இளவேர் மிக மெல்லியது. பாலிதீன் பையைக் கிழித்து நடுகையில் வேர் அறுந்து, நாற்று துவண்டுவிடுவதைக் கண்டு வருந்தாத இல்லத்தரசியர் சிலரே. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல், நெகிழியைத் தவிர்ப்பதையும் அன்றாட நற்செயல்களுள் ஒன்றாக எண்ணுகிறது. மாற்றுப்பொருள் நம் வீட்டிலேயே கிடக்கிறது.

பழைய செய்தித்தாளை, அடிப்பக்கம் நான்கு விரல் நீண்டிருக்குமாறு தம்ளரின்மேல் இருமுறை சுற்றுங்கள். நீண்டதை மடித்து அழுத்தித் தம்ளரை உருவிவிடுங்கள். பசை வேண்டாம், பளபளப்பான தாள் ஆகாது. மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி விதையை ஊன்றுங்கள். கிண்ணங்களைத் தட்டில் நெருக்கி வையுங்கள். தனித்து நின்றால் ஈரத்தில் சரியும்.

ஈரிலை விட்டு அடுத்த இலை விரிந்ததும் கிண்ணத்தோடு நடலாம். ஆனால், அதன் விளிம்பு மண்ணுக்குமேல் தெரியலாகாது. வெளியே நிற்கும் தாள் விளக்குத் திரிபோல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். என் முதல் நாற்றுகள் அவ்வாறே காய்ந்து மடிந்தன.