கணவர் கட்டிய மருத்துவமனை, மனைவி திறந்த கல்லூரி

கள்வன் என்றதும் கன்னக்கோல் நினைவுக்கு வரும். காரிருள் நினைவுக்கு வரும். எண்ணெய் பூசிய மேனி நினைவுக்கு வரும். இந்தக் காலத்துக் கள்வனுக்கு அவை எதுவும் தேவையில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி, தேநீரை உறிஞ்சியபடி, கடல் கடந்து கை நீட்டுகிறான். பூட்டு உடைவதில்லை, நாய் குரைப்பதில்லை, பெட்டி மட்டும் காலியாகிறது!

"இதைத் தடுக்கவும் ஒரு படிப்பாமே! எம்.எஸ்ஸி. பட்டமாமே! வீட்டிலிருந்தபடியே வாங்கலாமாமே!" என்று கேலி பேசுவோர் உண்டு. பேசட்டும். நாம் பிரிட்டன் பக்கம் சற்றே பார்வையைத் திருப்புவோம், தோழர்களே.

2017-ஆம் ஆண்டு மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்து மருத்துவமனைகளில் கணினித் திரைகள் சிவந்து நின்றன. உள்ளேயிருந்த ஏடுகளைப் பூட்டிவிட்டு, கணினி ஒன்றுக்கு 300 டாலர் கட்டினால் சாவி தருவோம் என்றது கொள்ளைக் கும்பல். வான்னாக்ரை என்று அந்தக் கிருமிக்குப் பெயர். 81 மருத்துவ நிர்வாகங்கள் தடுமாறின. ஐந்து வட்டாரங்களில் அவசர சிகிச்சைக்கு வந்தோர் வேறிடம் நாட வேண்டியதாயிற்று. டாக்டரைப் பார்க்கக் குறித்திருந்த முறைகளில் ஏறத்தாழ 19,000 ரத்தாயின என்று மதிப்பிட்டார்கள்.

யாருடைய மருத்துவமனை அது? கோடீசுவரனுக்கென்று கட்டியதல்ல. ஏழைக்கும் காசு கேட்காமல் வைத்தியம் பார்க்க 1948-இல் தொழிற்கட்சி ஆட்சி உண்டாக்கிய அமைப்பு. உண்டாக்கிய அமைச்சர் அன்யூரின் பெவன், இளம் வயதில் நிலக்கரி வெட்டியவர். அங்கேதான் கள்வன் கை வைத்தான்!

ஓட்டையை அடைக்கும் வழியை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. மருந்து வந்துவிட்டது, ஊட்டத்தான் ஆளில்லை.

கிருமியை நிறுத்தியவர் டெவன் வட்டாரத்தைச் சேர்ந்த 22 வயது மார்க்கஸ் ஹட்சின்ஸ். கிருமி ஓடும்போதெல்லாம் இணையத்தில் பொருளற்ற ஒரு நீண்ட முகவரியைத் தேடுவதைக் கண்டார், அந்த முகவரியைச் சில டாலர் செலவில் தம் பெயரில் பதிந்தார், பரவல் நின்றது! அவர் பட்டதாரி அல்லர். "பார்த்தீர்களா, பட்டம் எதற்கு?" என்பார்கள். கதையை முழுதும் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அதே இளைஞர், முன்னாளில் வங்கிக் கணக்குகளைக் களவாடும் நிரல் எழுதியவர் என்று அமெரிக்காவில் கைதானார். 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். திறமை இருந்தது, கோடு எங்கே என்று காட்டத்தான் ஆளில்லை. தவிரவும், நாட்டிலுள்ள ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு மேதை கிடைப்பானா? பயின்றவர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

அவர்கள் எங்கிருந்து வருவார்கள்? இங்கேதான் பெவனின் துணைவியார் வருகிறார். ஜென்னி லீ அம்மையார், ஸ்காட்லாந்துச் சுரங்கத் தொழிலாளியின் மகள். தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் 1963-இல் கிளாஸ்கோவில் சொன்ன வானொலிப் பல்கலைக்கழகக் கனவை, அமைச்சராகி நனவாக்கியவர். பழமைக் கட்சியின் இயன் மக்லியோட் அதைச் சுத்தப் பிதற்றல் என்றார்! பிதற்றல் 1969-இல் சாசனம் பெற்றது; 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று பெயர். முதற்பட்டத்துக்குச் சேர முந்தைய சான்றிதழ் கேட்பதில்லை. ஆலையிலிருந்து திரும்பியவனும் அடுப்படியில் நின்றவளும் பி.பி.சி. வழியே படித்தார்கள்.

அங்கே இன்று இணையப் பாதுகாப்பில் எம்.எஸ்ஸி. படிக்கலாம், இணையத்தின் வழியாகவே. கணினித் தடயவியல் என்று ஒரு பாடம். அதன் முதல் விதி, கைப்பற்றிய கணினியை நோண்டாதே என்பது. உள்ளதை அப்படியே நகலெடுத்து, நகலைத்தான் ஆராய வேண்டும். மூலத்திலிருந்து கணக்கிட்டு ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஓரெழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அரக்கு முத்திரை போன்றது. முத்திரை கலைந்தால் வழக்குக் கலையும்.

சட்டமும் தெரிய வேண்டும். எடின்பரோ கோமகனின் மின்னஞ்சல் பெட்டிக்குள் நுழைந்த இருவரை 1986-இல் போர்ஜரிச் சட்டத்தின்கீழ் தண்டித்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலை, 1988-இல் பிரபுக்கள் சபையும் விடுதலையே சரி என்றது. கடவுச்சொல்லைத் திருடுவது போர்ஜரி ஆகாதாம்! அரண்மனைக்கே ஆபத்து என்றதும் 1990-இல் தனிச் சட்டம் பிறந்தது. சாமானியன் வீட்டில் நுழைந்திருந்தால் இத்தனை விரைவு இருந்திருக்குமா என்பது நம் சந்தேகம்.

ஜென்னி லீ திறந்த கதவின் முன்னே பின்வந்தோர் சுங்கச்சாவடி கட்டினார்கள். 2012-இல் இங்கிலாந்தில் கட்டணம் ஏறியது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தோர் தொகை சரிந்தது. 2016-இல் முதுகலை மாணவருக்கு உதவி என்றார்கள், 10,000 பவுன் வரை. மானியமோ என்று எட்டிப் பார்த்தால், கடன்! மருத்துவமனையைக் காக்கப் படிக்கிற தொழிலாளி, அதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.